மறந்து விட்டுவந்த பிள்ளை

இந்தக் கதையை உங்களில் பாதிப் பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்றவர்கள் நாம் மாதம் ஒருமுறை கூடும்போது யாராவது சின்ன வயது நினைவை எடுத்தால், என் முறை வரும்போது இதைத்தான் எடுத்துவிடுவேன். ஏழு வயதில் கோடை லீவுக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். லீவு முடிந்து சென்னைக்குத் திரும்பும்போது அப்பாவும் அம்மாவும் என்னை மறந்து விட்டுவிட்டுக் காரில் கிளம்பிவிட்டார்கள். மரக்காணம் உப்பளம் வரை போன பிறகுதான் ஒரு பிள்ளை குறைவது தெரிந்ததாம். அடித்துப் பிடித்துத் திரும்பி வந்து என்னை அள்ளிக்கொண்டு போனார்கள்.

நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன். என் கல்யாணப் பந்தலில் சம்பந்தி வீட்டாரிடம் அப்பாவே இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். எங்கள் வீட்டில் எனக்கு அதுவே பட்டப்பெயர். மறந்து விட்டுவந்த பிள்ளை.

இனிமேல் அந்தக் கதையை நான் அப்படிச் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்று உங்களுக்கும் தெரிய வேண்டும் என்று தோன்றுகிறது. சிரித்தவர்கள் நீங்கள், சிரிக்க வைத்தவள் நான்.

போன மாதம் அக்காவும் நானும் மரக்காணம் பக்கம் நான்கு நாள் போய்த் தங்கினோம். அக்காவுக்கு அறுபத்தாறு வயது, எனக்கு அறுபத்திரண்டு. இரண்டு பேர் வீட்டிலும் இப்போது பேச்சுக்கு ஆள் இல்லை. என் மகன்தான் சவுக்குத் தோப்புக்கு நடுவில் ஒரு வீட்டை எங்களுக்காக ஏற்பாடு செய்து கொடுத்தான். கார் அக்காவுடையது, ஓட்டினவளும் அவளே. எனக்கு இந்த வயதுவரை சைக்கிள்கூட வராது.

மூன்று நாள் நல்லபடியாகப் போனது. காலையில் கடற்கரையில் நடந்தோம். மத்தியானம் தூங்கினோம். ஒருநாள் ஆரோவில் பக்கம் போய் அக்காவுக்குப் பிடித்த கெட்டி ரொட்டி வாங்கி வந்தோம். நான்காம் நாள் ஊருக்குத் திரும்பும் வழியில் பிரம்மதேசம் போய்ச் சித்தியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான் சொன்னேன். அக்கா முகம் மாறியது.

“எனக்கு டயர்டா இருக்குதுடி. இன்னொரு தடவை பார்த்துக்கலாம்.”

“சித்திக்கு எண்பத்தி நாலு வயசுக்கா. இன்னொரு தடவைன்னு எப்படிச் சொல்ற?”

யோசித்துப் பார்த்தால், சித்தியைப் பார்க்கப் போவது என்றாலே அவளுக்கு எப்போதும் ஏதோ ஒரு தலைவலி வந்திருக்கிறது. அதை நான் அவளுடைய சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. அவளுக்குப் பிள்ளை இல்லை. சித்தப்பா உப்பளத்தில் மேற்பார்வை வேலை பார்த்தவர். அவர் பிறகு இன்னொரு பெண்ணையும் கல்யாணம் செய்துகொண்டு அதே வீட்டுக்குக் கூட்டிவந்தார். அந்தப் பெண்ணுக்குப் பிறந்த மகன்தான் இப்போது சித்தியை வைத்துப் பார்த்துக்கொள்கிறான். எனக்குத் தம்பி முறை. ஆரோவில்லில் தோட்ட வேலைக்குப் போகிறான். சித்தப்பாவும் அந்தச் சின்ன சித்தியும் இறந்து வெகு காலமாயிற்று.

நாங்கள் போனபோது சித்தி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு சின்னதாகிப் போயிருந்தது. “சாப்ட்டீங்களா?” என்று கேட்டாள். சாப்பிட்டோம் என்றோம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சாப்பிட்டோம் என்றோம். அக்கா வாசல் பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

கிளம்பும்போது சித்தி தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி ஒரு பழுப்பு உறையை எடுத்தாள்.

“இது உன்னுது கண்ணு. என்கிட்டயே இருந்துடுச்சு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள குடுத்துடணும்னு தம்பிகிட்ட சொல்லி எடுத்து வச்சேன்.”

“என்ன சித்தி இது?”

“காருல போயி பாரு.”

பழைய போட்டோவாக இருக்கும் என்று நினைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அக்கா அதற்குள் காரைக் கிளப்பிவிட்டாள்.

திண்டிவனம் வழியாகப் போனால் சென்னைக்குச் சீக்கிரம் போகலாம். லாரிகளுக்கு நடுவில் தன்னால் ஓட்ட முடியாது என்று அக்கா மரக்காணம் போய்க் கடற்கரைச் சாலையைப் பிடிப்பதாகச் சொன்னாள். வெயில் நன்றாக ஏறிவிட்டிருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு உறையைப் பிரித்தேன்.

நான்காக மடித்த ஒரே ஒரு தாள். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. நான் சென்னையில் இரண்டாம் வகுப்பு வரை படித்த பள்ளியின் பெயர் மேலே அச்சாகியிருந்தது. மாற்றுச் சான்றிதழ். என் பெயர். அப்பா பெயர். பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்ற இடத்தில் தலைமை ஆசிரியையின் கையெழுத்தில், ‘வெளியூரில் உறவினரிடம் வளர’ என்று எழுதியிருந்தது. கீழே அப்பாவின் கையெழுத்து. அதற்கு ஏப்ரல் மாதத்துத் தேதி போட்டிருந்தது. நாங்கள் லீவுக்குக் கிளம்பியது மே மாதம்.

அந்த வரியைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. ‘வளர’ என்ற சொல்லில் ரகரத்தின் கால் கொஞ்சம் நீளமாக இழுபட்டிருந்தது. என் கண் அதிலேயே நின்றது. காது அடைத்துப் போய், கார் ஓடும் சத்தம் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்டது. சட்டென்று, கையெழுத்துப் போட அப்பா எந்தப் பேனாவை எடுத்திருப்பார் என்று ஒரு கேள்வி வந்தது. அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. பேனா மட்டும்தான்.

உங்களுக்கு இந்தத் தாளின் கதையைச் சொல்ல வேண்டும். அந்தக் கோடை முடிந்து பள்ளி திறந்தபோது என் பழைய பள்ளியில் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இடமில்லை என்று வீட்டில் சொன்னார்கள். வேறு பள்ளியில் சேர்க்கப் போனால் டி.சி. கேட்டார்கள். அது தொலைந்துவிட்டது என்று அப்பா எழுதிக் கொடுத்து, பக்கத்துத் தெரு மாநகராட்சிப் பள்ளியில் என்னைச் சேர்த்தார். அக்கா மட்டும் பழைய பள்ளிக்கே போனாள். இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு போன வழியில் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிரிந்து போனோம். இடமே இல்லாத பள்ளிக்கூடத்தில் அக்காவுக்கு மட்டும் எப்படி இடம் இருக்கிறது என்று நான் கேட்டதற்கு அம்மா என்னை அடித்தாள். அவள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

கார் ஓடிக்கொண்டிருந்தது. சித்தி வீட்டில் இருந்த அந்தப் பதினைந்து நாளும் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. எல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்த காட்சிகள்தான். அன்றைக்கு ஒவ்வொன்றும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக் காட்டியது.

போன முதல் வாரமே சித்தி என்னை மட்டும் தையல்காரரிடம் அழைத்துப் போனாள். இரண்டு நீலப் பாவாடை, இரண்டு வெள்ளைச் சட்டை. மடிப்பைப் பெரிதாக வைத்துத் தைக்கச் சொன்னாள், அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று. அக்காவுக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். “அவளுக்கு இந்த அளவு துணி பத்தாது” என்றாள். லீவில் யாராவது பள்ளிக்கூட உடுப்பு தைப்பார்களா? ஏழு வயதுப் பிள்ளைக்குப் புதுத்துணி என்றால் போதும், அதற்கு மேல் யோசிக்காது. இன்னொரு நாள், பூட்டியிருந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஜன்னல் கம்பி வழியாக என்னைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே சுண்ணாம்பு வாசனை. தரையில் ஓர் அணில்.

“நல்லாருக்குதா?” என்று கேட்டாள் சித்தி.

“சின்னதா இருக்குது” என்றேன்.

என்னை இறக்கிவிட்டு என் பாவாடையைத் தட்டிவிட்டாள். தட்டுவதற்கு அதில் தூசி ஒன்றும் இல்லை.

சித்தப்பா என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போவார். அக்கா பின்னால் கேரியரில் வருவாள். மே மாத உப்பளத்தை நீங்கள் பார்த்ததில்லை என்றால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கண்ணைத் திறக்கவே முடியாது. வரப்பு கட்டிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிற்கும், அதில் வானம் விழுந்து கிடக்கும். நீளக் கொம்பில் பலகை கட்டி ஆட்கள் உப்பை இழுத்து வரப்பில் சேர்ப்பார்கள். பெண்கள் அதைக் கூடையில் சுமந்துபோய்க் கொட்டுவார்கள். காற்றே உப்புக் கரிக்கும். உதட்டை நக்கினால் போதும்.

ஒருநாள் அங்கே வேலை செய்தவர்கள் யார் இந்தப் பாப்பா என்று கேட்டார்கள். “என் பொண்ணு” என்றார் சித்தப்பா.

“இல்ல. நான் எங்க அப்பா பொண்ணு. இவரு சித்தப்பா” என்றேன் நான், சத்தமாக.

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு வீடு திரும்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வெயிலில் களைத்துவிட்டார் என்று நினைத்தேன். இத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே உப்பளத்தில் கூடை சுமக்கும் ஒரு அம்மாளும் நினைவுக்கு வந்தாள். கொசு கடித்துச் சொறிந்த என் கணுக்காலில் உப்புத் தண்ணீர் பட்டு நான் கதறியபோது, குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரைச் சாய்த்து என் காலைக் கழுவினாள். அவள் கை சொரசொரவென்று மரப்பட்டை மாதிரி இருந்தது. “நல்ல தண்ணி ஊத்தினா அடங்கிடும்மா” என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள். அத்தனை பெரிய உப்பளத்தில் அன்று அவளுக்குக் குடிக்க இருந்த தண்ணீர் அவ்வளவுதான் என்று அக்கா பிறகு சொன்னாள்.

கடைசி நாள் காலையில் அப்பா சென்னையிலிருந்து தன் முதலாளியின் அம்பாசடர் காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். சித்தி என் தலையை இழுத்துப் பின்னிக் கனகாம்பரம் வைத்து, கோவிலுக்குப் போகலாம் வா என்று கூட்டிக்கொண்டு போனாள். பெரிய பழைய கோவில். உள்ளே வௌவால் நாற்றம். ஒரு தூணின் நிழலில் என்னை உட்கார வைத்து, வெகு நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாமி கும்பிட்ட மாதிரி எனக்கு நினைவில்லை. வீட்டுக்குத் திரும்பியபோது காரும் இல்லை, யாரும் இல்லை.

“கடைக்குப் போயிருக்காங்க” என்றாள் சித்தி. எனக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். நான் சாப்பிடுவதை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் அதற்குப் பிறகு என் வாழ்நாளில் எங்கேயும் பார்க்கவில்லை. இதை நான் மிகைப்படுத்தவில்லை.

சாயங்காலம் கார் திரும்பி வந்தது. அப்பா இறங்கி, “பாப்பாவ மறந்துட்டோம் பாரு” என்று சிரித்தார். சிரிப்புச் சத்தம் தெருவுக்கே கேட்டது. அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. அக்காவின் வலது கையை யாருடைய புடவைத் துணியாலோ கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உப்புக் குவியல் மேல் ஏறி விழுந்துவிட்டாள் என்றார்கள். சித்தி உள்ளே போய், தன் அலமாரியிலிருந்து என் பழைய துணிகளை எடுத்து மடித்து ஒரு பையில் வைத்துக் கொண்டுவந்தாள். என் துணி ஏன் சித்தியின் அலமாரியில் இருந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நீலப் பாவாடையை எடுத்து வைக்கவில்லையே என்ற வருத்தம்தான். காருக்குள்ளிருந்து சித்திக்கு டாட்டா காட்டினேன். அவள் கையை உயர்த்தவில்லை.

அதற்குப் பிறகு பல வருடம் சித்தி எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. தலைக்கனம் பிடித்தவள் என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து சொல்லியிருக்கிறேன்.

மரக்காணம் தாண்டிச் சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம் ஆரம்பித்தது. இப்போது குவியல்கள் மேல் கீற்றுக்குப் பதில் நீலத் தார்ப்பாய் போர்த்தியிருக்கிறார்கள். நான் அந்தத் தாளை அக்காவின் பக்கம் நீட்டினேன்.

“இது உனக்குத் தெரியுமாக்கா?”

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுத்து ஒரு கணம்தான் பார்த்தாள். படிக்கவில்லை. படிக்கத் தேவை இருக்கவில்லை. காரை மெதுவாக ஓரம் கட்டி நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை.

“தெரியும்.”

“எப்போலேந்து?”

“அன்னைக்கே தெரியும். அப்பா ஸ்கூலுக்கு வந்து டி.சி. வாங்கும்போது நான் பார்த்தேன். பாப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு.”

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த அக்காவைத் தேடினேன் என்று சொல்ல வேண்டும். பதினோரு வயதில் அந்தப் பதினைந்து நாளும் என்னோடு பாயைப் பகிர்ந்துகொண்டு, நாங்கள் ஊருக்குப் போனதும் என்னென்ன விளையாடலாம் என்று நான் உளறியதையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவள் இவள்.

“ஏன்?” என்றேன்.

“சித்திக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் புள்ள இல்ல. சித்தப்பா வேற பொண்ணு பார்க்க ஆரம்பிச்சுட்டாரு. ‘உங்கக்கா புள்ளைங்கள்ல ஒண்ண வளர்க்கக் கொண்டாந்தா நான் வேற கல்யாணம் பண்ண மாட்டேன்’னு சித்திகிட்ட சொன்னாராம். சித்தி வந்து அம்மா கால்ல விழுந்தா. அம்மா சரின்னுட்டா.”

“அப்பா?”

“அம்மா சொல்லை அவர் என்னைக்கு மீறியிருக்காரு?”

எதிரே ஒரு பேருந்து போனது. எங்கள் கார் ஆடி நின்றது.

“அன்னைக்குச் சித்தப்பா உப்பளத்துல இருந்தாரு. ஒரு மூட்டை உப்பு தர்றேன், வந்து எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லியிருந்தாரு. அதுக்குத்தான் மரக்காணம் வந்தோம். மூட்டைய டிக்கியில ஏத்தினாங்க. திரும்பிப் போற வழியில சித்தி ஊரைத் தாண்டித்தானே போகணும், தங்கச்சிய ஏத்திக்கலாம்லன்னு நான் அம்மாகிட்ட கேட்டேன். தெரிஞ்சேதான் கேட்டேன். அவ வாயால இல்லன்னு சொல்லட்டும்னு. அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. கார் வரப்பு ரோட்டுல நகர ஆரம்பிச்சுது. நான் கதவைத் திறந்து குதிச்சுட்டேன்.”

“உப்புக் குவியல்ல விழுந்தேன்னு…”

“குவியலும் இல்ல ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி வரப்பு. முழங்கை ஒடஞ்சுடுச்சு. வேலை செஞ்சவங்க எல்லாம் ஓடி வந்தாங்க. உன் கால கழுவினாங்களே ஒரு அம்மா, அவங்கதான் தூக்கினாங்க. தன் மாராப்பைக் கிழிச்சுக் கட்டுப் போட்டுக்கிட்டே, ‘ஏங்க, ரெண்டு புள்ளைங்க வந்துதே, சின்னது எங்க?’ன்னு அப்பாவைக் கேட்டாங்க. சுத்தி அத்தனை பேர் நிக்குறாங்க. சித்தப்பாவும் நிக்குறாரு. அப்பா பதில் சொல்ல வாயத் திறந்தாரு. வரல. போயி காருல உட்கார்ந்து வண்டியத் திருப்பினாரு.”

அக்கா வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை முழுசாக நீளாது. அதைப் பார்த்தே நான் வளர்ந்தேன்.

எனக்கு அழுகை வந்தது. “எனக்காகக் குதிச்சியாக்கா?” என்றேன்.

அவள் மடியில் கிடந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

“உனக்காகன்னு சொல்லிக்க எனக்கும் ஆசைதான். இல்லடி. பயம். அம்மா அப்போ முழுகாம இருந்தா, நம்ம தம்பி வயித்துல. அதுவும் பொண்ணாப் பொறந்தா அடுத்து என்னை யாருக்காவது குடுத்துடுவாங்கன்னு நினைச்சேன். தூக்கமே வராது. அந்தப் பயத்துல குதிச்சேன்.”

நான் தாளை மடித்தேன். பிரித்தேன். மறுபடி மடித்தேன்.

“அடுத்த தை மாசம் சித்தப்பா ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு” என்றாள் அக்கா. “சித்தி அந்த வீட்டுலயே இருந்து அவங்க ரெண்டு பேருக்கும் சோறாக்கிப் போட்டா. நான் ஒருத்தி கதவைத் திறந்ததால. அவ மூஞ்சியப் பார்த்து நான் எப்படிப் பேசுவேன்?”

பிறகு அவள் சொன்னதுதான் என்னை உலுக்கிப் போட்டுவிட்டது. அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அக்காதான் கூட இருந்தாள். ஒரு மத்தியானம் அம்மா கண்ணைத் திறந்து, தப்புப் பண்ணிட்டேன் என்றாளாம். பாப்பாவை விட்டுவிட்டு வந்ததைச் சொல்கிறாள் என்று நினைத்து, அதான் திரும்பிப் போய்க் கூட்டி வந்துட்டீங்களே என்று அக்கா தேற்றியிருக்கிறாள். அம்மா இல்லை என்று தலையை ஆட்டினாளாம்.

“அவ வருத்தப்பட்டது உன்னை விட்டுட்டு வந்ததுக்கு இல்லடி. திரும்பிப் போய்க் கூட்டியாந்ததுக்கு. ‘என் தங்கச்சி வாழ்க்கைய நானே பறிச்சுட்டேன்’னு சொன்னா.”

காருக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது. கதவைத் திறந்து இறங்கினேன். வெக்கை முகத்தில் அடித்தது. பாத்திகளில் நாலைந்து பேர் குனிந்து பலகை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிமிர்ந்து எங்கள் காரைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அம்மா என்னை அதன் பிறகு ஓர் இரவுகூட வெளியில் தங்க விட்டதில்லை. பள்ளிச் சுற்றுலாவுக்கு விடவில்லை. தோழியின் கல்யாணத்துக்கு வெளியூர் விடவில்லை. என்னைக் கட்டிப்போடுகிறாள் என்று பதினெட்டு வயதில் அவளோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தேன். என்னைக் கூட்டிவந்தது தப்பு என்று சாகும்வரை நினைத்தவளும் அவள்தான். ராத்திரியில் எழுந்து வந்து என் போர்வையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனவளும் அவள்தான். இரண்டும் ஒரே மனுஷிக்குள் எப்படி இருந்தன என்று எனக்கு விளங்கவில்லை. உங்களில் யாருக்காவது விளங்கினால் சொல்லுங்கள். நான் இன்னும் அந்த வெயிலில்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. போனை எடுத்துச் சித்தி வீட்டுத் தம்பிக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். சித்தியிடம் கொடுக்கச் சொன்னேன்.

“பெரியம்மா, அக்கா பேசறாங்க” என்று அவன் சொல்வது கேட்டது. தன்னைப் பெற்றவளை அம்மா என்றும் சித்தியைப் பெரியம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தவன். அவள் காதருகில் போனை வைத்துப் பிடித்துக்கொண்டிருப்பான்.

“பார்த்தியா?” என்றாள் சித்தி.

“பார்த்தேன் சித்தி.”

“கோவமா?”

“தெரியல.”

அக்கா இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். போனைக் கொடு என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். அவள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னாள். அதைச் சொல்ல ஐம்பத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது.

“சித்தி, அன்னைக்குக் கார் கதவைத் திறந்து குதிச்சது நான்தான். தவறி விழல.”

ஸ்பீக்கரில் சித்தியின் குரல் கரகரவென்று வந்தது.

“அது எனக்கு அன்னைக்கே தெரியுமே. உப்பளத்துல அத்தன பேர் பார்த்தாங்க, என்கிட்ட சொல்லாம இருப்பாங்களா? நான் உன்னை ஒண்ணும் சொல்லலையே. நீதான் என் வீட்டுக்கு வந்தா வாசப்படியிலயே உட்கார்ந்துக்கிற.”

அக்கா போனை என் கையில் திணித்துவிட்டுக் காரின் மறுபக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. என் அக்கா அழுது நான் பார்த்தது குறைவு. அவளுடைய கணவர் இறந்தபோதுகூட அவள் ஆட்களுக்குக் காபி போடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“கண்ணு” என்றாள் சித்தி.

“இருக்கேன் சித்தி.”

“ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்குது. அந்தப் பதினஞ்சு நாளுல, ஒரு நாளாச்சும், இங்கயே இருந்துடலாம்னு உனக்குத் தோணுச்சா?”

எனக்கு என்ன தோன்றியது என்று ஏழு வயதுக்குள் போய்ப் பார்க்க முயன்றேன். புதுப் பாவாடை தெரிந்தது. அணில் தெரிந்தது. எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்த முகம் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை.

“தோணுச்சு சித்தி” என்றேன்.

அது நிஜமா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் என் வாயில் வேறு சொல் இல்லை.

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. போனைத் தம்பி எடுத்துவிட்டானோ என்று நினைத்தேன். பிறகு சித்தியின் குரல், ரகசியம் பேசுவதுபோல் தணிந்து வந்தது.

“இத உங்க அம்மாகிட்ட சொல்லிடாத. அவ தாங்க மாட்டா.”

அம்மாவின் உடலுக்குப் பக்கத்தில், காலையிலிருந்து எடுக்கும்வரை நகராமல் உட்கார்ந்திருந்தவள் சித்திதான். அது மறந்து போயிற்றா, மறக்காமல்தான் சொல்கிறாளா என்று தெரியவில்லை. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளும் கேட்டிருந்தாள்.

“சொல்ல மாட்டேன் சித்தி” என்றேன்.